ஆட்டுத் தீவுக்குப் போகும் பனிப்பாதை

பொரோலஹ்தி,
9 நவம்பர் 1968

அன்புள்ள தௌனோவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன். ஏரி முந்தாநாள் உறைந்துவிட்டது, இந்த வருஷம் சத்தமே இல்லாமல். நீ அனுப்பிய காப்பித்தூள் வந்து சேர்ந்தது. கூட வந்த கடிதம் ஒன்றரைப் பக்கம், அதிலும் பாதி கோத்தென்பர்க் மழை. அந்தக் கப்பல் பட்டறையில் மழையைத் தவிர ஒன்றுமே நடப்பதில்லையா?

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ஏமெலி வந்தான். வழக்கம்போல வாசலில் நின்றே பேசினான். "ஹில்யா, பனிப்பாதைக்குக் கன்னு நடுறது உங்க முனை வீட்டு வேலை. மூணு வருஷம் நான் பாத்தாச்சு. இனிமே என் முழங்கால் கேக்காது. உன் புருஷன் வருவானா, மாட்டானா?" காப்பி ஊற்றிக் கொடுத்து அவன் வாயை அடைத்தேன்.

அவன் கேட்டதில் தப்பில்லை. பனியில் துளை போட்டுத் தேவதாருக் கன்றுகளை வரிசையாக நட்டு, அக்கரை வைக்கோலை ஏற்றிவரும் வண்டிகளுக்கு வழி காட்டியது உன் பாட்டன் காலத்திலிருந்து இந்த வீடுதான். நட்ட வீடுதான் முதல் பாரத்தையும் ஓட்ட வேண்டும்.

நம் பிள்ளை ரெய்யோ பள்ளியில் வரைந்த ஏரிப் படம் இன்னும் சுவரில் இருக்கிறது. பனியுகம் விட்டுப்போன மணல்மேட்டைத் தண்ணீருக்கு அடியில் நீளமாகப் பழுப்பில் தீட்டியிருக்கிறானே, அந்தப் பழுப்பு மட்டும் வெளுத்துக்கொண்டு வருகிறது. நீங்கள் இரண்டு பேரும் ஒரு கோடை முழுக்க ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி ஆழம் பார்த்தீர்கள். சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை வற்றியது.

கிறிஸ்துமஸுக்காவது வா.

உன் ஹில்யா


கோத்தென்பர்க்,
24 நவம்பர் 1968

அன்புள்ள ஹில்யாவுக்கு,

வர முடியாது. வேலை இருக்கிறது என்று பொய் எழுத மனமில்லை.

ஏமெலியிடம் சொல், ஆட்டுத் தீவுக்கும் நம் முனைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாக யாரும் பாதை போடக் கூடாது. என் அப்பா காலத்தில் ஏரியிலேயே பத்திரமான இடம் அதுதான். அடியில் இருக்கிற மணல்மேட்டின் மேல் ஆழமில்லை, அங்கேதான் பனி முதலில் கெட்டிப்படும். அணை வந்த பிறகு எல்லாம் தலைகீழ். குளிர்காலத்தில் அணைக்காரர்கள் தண்ணீரை இழுக்க இழுக்க, அத்தனையும் அந்த இடுக்கு வழியாகத்தான் ஓடுகிறது. மேலே பனி கூரை போல நிற்கிறது, அடியில் அரித்துவிடுகிறது. இதை நான் மகனையும் குதிரையையும் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

நான் நட்ட கன்றுகளைப் பார்த்துத்தான் அவன் வண்டியை ஓட்டினான். இந்தக் கை இனி அங்கே எதையும் நட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தௌனோ


பொரோலஹ்தி,
8 டிசம்பர் 1968

அன்புள்ள தௌனோ,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உன் கையைப் பழிக்காதே. குற்றம் என்னுடையது.

நம் புல்வெளியை அணைத் தண்ணீர் விழுங்கிய வருஷம் நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அந்த அணைக்காரன் பேர் போட்ட காகிதம் எதுவும் இந்த வீட்டு மேசையில கிடக்கக் கூடாது. நேரா அடுப்புக்குள்ள!" நானும் அப்படியே செய்தேன். ரெய்யோ போவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஓர் உறை வந்தது. பிரிக்கவே இல்லை. ரொட்டி சுட மூட்டிய அடுப்பில் போட்டேன்.

ஏமெலி வீட்டுக்கும் அதே உறை வந்திருக்கிறது. அவனும் வீம்புக்குப் பிரிக்காமல் கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவைத்திருந்தான். ரெய்யோவை அடக்கம் செய்த பிறகு அவன் மனைவி பிரித்து எனக்குப் படித்துக் காட்டினாள். இடுக்கு வழியாகப் பாதை போடாதீர்கள், அடியில் தண்ணீர் இறங்குகிறது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. நாலே வரி.

உனக்குச் சொல்லாமல் மறைத்தேன். நீ உன்னையே திட்டிக்கொண்டு பெட்டி கட்டியபோதும் பார்த்துக்கொண்டு நின்றேன். பயந்துவிட்டேன், தௌனோ. நீ என்னை விட்டுப் போய்விடுவாயோ என்ற பயம். கடைசியில் அதுதான் நடந்தது.

இப்போது தெரிந்துவிட்டதே. திரும்பி வா. என்னைத் திட்டுவதற்காகவாவது வா. இந்த வருஷம் பாதையை வடகரை ஓரமாகச் சுற்றிப் போடலாம். முதல் பாரத்தை இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டலாம்.

உன் ஹில்யா


கோத்தென்பர்க்,
27 டிசம்பர் 1968

ஹில்யா,

நீ எரித்த காகிதத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. கற்றுக்கொண்டேன் என்று எழுதினேனே, அது பொய். முன்பே எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

அந்த டிசம்பரில் நானும் ரெய்யோவும் பனிக்கடியில் வலை போட்டுக்கொண்டிருந்தோம். அணைக்காரர்களின் அளவையாள் ஒருவன் பனிச்சறுக்குக் கட்டையில் அவ்வளவு தூரம் வந்து நேரிலேயே சொன்னான். "அய்யா, இடுக்கு வழியா போவாதீங்க." நான் சிரித்தேன். "இந்த ஏரி பனியுகம் முடிஞ்ச நாள்லேருந்து இங்கதான் கெடக்கு. உன் அணை நேத்து வந்தது. எங்க தண்ணிய எங்களுக்கே சொல்லித்தர்றியா?" என்றேன். பாவம், தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான்.

முதல் பாரத்தன்று ரெய்யோ குதிரையைப் பூட்டிக்கொண்டே கேட்டான். "அப்பா, அந்த ஆளு சொன்னதுல கொஞ்சம் விஷயம் இருக்குமோ? படத்தைப் பாத்தேன். தண்ணி எறங்குனா அங்க இழுப்பு கூடும்ல?" கரையில் பாதி ஊர் நின்றிருந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி நான் சொன்னேன். "பயமா இருந்தா சொல்லுடா, நான் ஓட்டறேன்."

பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த இருபது வயதுப் பிள்ளை அதற்கு என்ன சொல்வான்? முகம் சிவந்துபோய் வண்டியில் ஏறிவிட்டான்.

உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாமல்தான் ஊரை விட்டு ஓடிவந்தேன். நீ உன் குற்றத்தைச் சுமந்தாய் என்று தெரியாமல் போயிற்று. அதை இறக்கி வைத்துவிடு.

தௌனோ


பொரோலஹ்தி,
2 பிப்ரவரி 1969

தௌனோவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. வந்த அன்றிலிருந்து நாலு நாள் உன்னை முழுமனதாக வெறுத்தேன். ஐந்தாம் நாள் கோடரியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன்.

அறுபத்திரண்டு கன்றுகள். மேட்டை விட்டு விலக்கி, வடகரை ஓரமாகச் சுற்றி நட்டேன். படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, மடித்துக் கையோடு கொண்டுபோனேன். பிள்ளை போட்ட எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

இத்தனை நாள் மேசையிலேயே வைத்திருந்த உன் கோப்பையைக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டேன். வா என்று இனி எழுத மாட்டேன். காப்பித்தூளும் அனுப்ப வேண்டாம்.

நேற்று முதல் பாரம். ஏமெலியின் குதிரையை இரவல் வாங்கிப் பூட்டினேன். கரையில் பாதி ஊர் நின்றிருந்தது. கடிவாளத்தைக் கையில் எடுத்தேன். நான் திரும்பி எல்லாருக்கும் கேட்கும்படி, "எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை, தௌனோ. ஏமெலி கடப்பாரையை எடுத்தான். அந்தக் கெட்ட முழங்காலை இழுத்துக்கொண்டு, பனியைத் தட்டித் தட்டிப் பார்த்தபடி, அக்கரை வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தான்.

ஹில்யா