மூன்று முறை மேலே போன இழை

பாரோ ஆற்று மடம்
பிரிஜித் திருநாளுக்கு மறுநாள்

அன்புள்ள ஃபெர்கில் அண்ணாவுக்கு,

இங்கே நலம். தீவில் குளிர் எப்படி? நீ ஒரு வரிகூட எழுதவில்லை என்று கோபம் வருகிறது. கோபப்பட எனக்கு உரிமையில்லை என்பதும் தெரியும்.

கற்சிலுவையின் கிழக்கு முகம் முடியப்போகிறது. நீ மெழுகுப் பலகையில் வரைந்து வைத்துவிட்டுப் போன பின்னலைத்தான் செதுக்கினேன். முடிவே இல்லாத ஒரே இழை, ஒரு முறை மேலே, மறுமுறை கீழே. சிங்கங்களுக்கு நடுவில் நிற்கும் தானியேலின் காலடியில் கை அவசரப்பட்டுவிட்டது. கீழே போகவேண்டிய இடத்திலும் மேலே விட்டேன். மூன்று முறை தொடர்ந்து மேலேயே போகிறது. உயிர்ப்புத் திருநாளுக்கு அரசர் வருகிறார். இன்று மட்டும் பத்துத் தடவை போய்ப் பார்த்துவிட்டேன். வண்ணம் பூசினாலும் மறையாது. ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. என்ன செய்யட்டும்?

உன் தம்பி
அல்டான்


மேற்குத் தீவு
பாட்ரிக் திருநாள்

தம்பி அல்டான்,

இங்கே காற்று, கடற்பாசி, ரொட்டியில் மணல். வேறு செய்தி இல்லை.

மடாதிபதி கேட்டால் படம் தப்பு என்று சொல்லிவிடு. போன சிலுவையின் தலை பிளந்தபோதும் என் அளவு தப்பு என்றுதானே சொன்னாய்? நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தப்புக்காக மூன்று வருடமாக இங்கே தவம் கிடக்கிறேன். இதைவிடத் தூரத்தில் என்னை அனுப்பத் தீவு இல்லை. நீ கல்லை விட்டு இருக்கமாட்டாய், அங்கேயே இரு.

கோபமில்லை என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை.

ஃபெர்கில்


பாரோ ஆற்று மடம்
குருத்தோலை ஞாயிறு

அண்ணா,

மடாதிபதி பின்னலின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் விரல் நின்றது.

"படத்துல தப்பா, உளியில தப்பா?"

உன் கடிதம் என் இடுப்பில் இருந்தது.

"உளியில, சாமி. போன சிலுவையும் உளியிலதான்."

அவர் கல்லிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, "மூணு வருசம் எப்படிப்பா சாப்பிட்ட?" என்று மட்டும் கேட்டார்.

மேற்கு முகத்தை நீதான் செதுக்கவேண்டுமாம். உன் குடிசைக்கு நான் தவத்துக்கு வரவேண்டுமாம். என் பிழை அப்படியே இருக்கட்டும் என்றார். அதைத் திருத்தப் பார்க்காதே.

அடுத்த படகில் வருகிறேன். என்னை இறக்கிவிட்டு அதே படகு உன்னை ஏற்றிக்கொள்ளும். அலை அடங்கும் கொஞ்ச நேரம்தான் நிற்குமாம். மன்னித்தேன் என்று நீ சொல்லவேண்டாம். மூட்டையை முன்பே கட்டிவைத்துவிட்டுத் துறைக்கு வந்து நில். அங்கே பாறை வழுக்கும் என்கிறார்கள். இறங்கும்போது கை கொடு.

அல்டான்