பத்து வரை சத்தமாக

அத்தை,

நேற்றுக் காலை பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே நீங்கள் வந்துவிட்டீர்கள், வழக்கம்போலக் கூப்பிடாமல். ஆமாம், எனக்கும் சர்க்கரை. எனக்கும் இன்சுலின். சிரித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் சபித்ததில் ஒன்றாவது பலிக்க வேண்டாமா?

நமக்குள் ஆகாது என்பது பாலகாட் லைன் சுரங்கக் குடியிருப்பு முழுக்கத் தெரிந்த சங்கதி. சுரங்க டைம் ஆபீஸில் வருகை எழுதும் குமாஸ்தாவுக்கு, அதுவும் பத்திரிகைக்குத் துணுக்கு எழுதித் திரிகிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டதாகக் குழாயடியில் வாரம் ஒருமுறையாவது அழுவீர்கள். அப்புறம் உங்களுக்குத் தினமும் ஊசி என்றார் டாக்டர். உங்கள் மகள் ஊசியைக் கண்டதுமே மயங்கி விழுந்தாள். மிஞ்சியது நான். ஆகாத மாமியார், கையில் ஊசி. எந்த மருமகனுக்குக் கிடைக்கும் இந்த யோகம் என்று நினைத்தேன்.

யோகம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மருந்துக் குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டுவேன். "இன்னா மாப்ளே, மருந்து கலக்கறீங்களா, குளிர் காயறீங்களா?" என்பீர்கள். ஐஸ் பெட்டிக்கு நாம் எங்கே போவது? வெயில் படாத மூலையில் பானை வைத்து, ஈர மணல் கொட்டி, மூடி போட்ட டப்பாவுக்குள் குப்பியைப் புதைத்தேன். "மாப்ளே பானைல சாராயம் பொதச்சி வச்சிக்கினு இருக்காரு" என்று லைன் பூராவும் சொல்லிவிட்டு வந்தீர்கள். ரெண்டு பேர் டம்ளரோடு வந்தார்கள்.

வாய்தான் அப்படி. மருமகன் முன்னால் கூச்சத்துக்குக் குறைவில்லை. ரவிக்கைக் கைக்குக் கீழே நாலு விரல் அகலம் காட்டுவீர்கள், தினமும் அதே இடம். நானும் அங்கேயே குத்தினேன். இடத்தை மாற்றிப் போடு என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். உங்களிடம் தொடை என்ற வார்த்தையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அங்கே கொழுக்கட்டைபோல ஒரு கட்டி வளர்ந்தது. அதில் குத்தினால் வலிக்காது, உங்களுக்கும் சௌகரியம். சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போனது. கால் பெருவிரல் புண் ஆறவேயில்லை.

"இப்படியே போனா கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போய் விரலை எடுக்க வேண்டியதுதான்" என்ற டாக்டர், உங்கள் கையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். "மருந்தெல்லாம் இந்தக் கட்டியில தூங்குது. நாளையிலேர்ந்து தொடையில போடுங்க. இன்னிக்குக் குத்தின இடத்துக்கு ஒரு விரல் தள்ளித்தான் நாளைக்கு. அளவையும் குறைச்சுடறேன், நல்ல இடத்துல முழுசா வேலை செய்யும்."

"மாப்ளே கிட்ட தொடையக் காட்டறதுக்கு வெரலே போவட்டும்" என்றீர்கள். "அப்போ நீங்களே குத்திக்குங்க" என்று நானும் கத்தினேன்.

மறுநாள் காலையில் அறைக்கதவு சாத்தியிருந்தது. இடுக்கு வழியாக ஒரு கை நீண்டது. "ஏத்திக் குடுங்க." காற்றுக் குமிழியைத் தட்டி எடுத்துவிட்டுக் கொடுத்தேன். "சதையைக் கிள்ளிப் பிடிங்க. குத்தினதும் புடுங்கிடாதீங்க, பத்து எண்ணணும்."

"நான் பல்லைக் கடிச்சிக்கினு இருப்பேன், நீங்க எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க. மனசுக்குள்ள எண்ணினா நம்ப மாட்டேன், உங்க மனசு எனக்குத் தெரியும்."

பத்து எண்ணினேன். கதவைத் திறந்து சிரிஞ்சை நீட்டினீர்கள். "இவ்ளோதானா? இதுக்கா இத்தினி நாள் பெரிய டாக்டராட்டம் நடந்தீங்க?"

அன்றிலிருந்து சுரங்கத்து ஷிப்ட் மாதிரி, ஒரு வாரம் இடது தொடை, மறு வாரம் வலது. புண் ஆறியது. நன்றி மட்டும் வரவில்லை. "மாப்ளே தப்பாக் குத்தினாரு, நானே போட்டுக்கினு பொழச்சேன்" என்று குழாயடியில் சொன்னீர்கள். அது பொய்யில்லை என்பதுதான் இன்னும் எரிகிறது.

நேற்று நானும் கதவைச் சாத்திக்கொண்டேன். இடது தொடை. பத்து வரை சத்தமாக எண்ணினேன். "இன்னாத்துக்குக் கத்தறீங்க?" என்றாள் உங்கள் மகள் வெளியிலிருந்து. உங்கம்மா உத்தரவு என்றேன்.

மனசுக்குள் எண்ணியது ஒரே ஒரு தடவைதான். உங்களைக் கூடத்தில் கிடத்திக் கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டினார்களே, அப்போது. பத்து விரலும் இருந்தன.

நம்பினால் நம்புங்கள்.