நிறுவனப் பையில் வராத கடிதம்

லண்டன், நவம்பர் 1345

அப்பாவுக்கு லாப்போ வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நலமே.

நேற்று கடை வாசலில் சின்னக் கலாட்டா. நம் ஊர் முதலாளிகளான அல்தோவீனி குடும்பத்திடம் வாங்கிய கடனுக்கு இந்நாட்டு அரசர் கைவிரித்துவிட்டார். எங்களுக்குக் கம்பளி விற்றவர்கள் காசு கேட்டுத் திரண்டுவிட்டார்கள். ஒரு விதவை மரக்காலணியைக் கழற்றி வீசி, "எங் கம்பளிக்குக் காசு எங்கடா, திருட்டுப் பயலே?" என்றாள். என் நெற்றியில் சிறு காயம்தான். மேலாளர் பால்துச்சோ மேசைக்கு அடியிலிருந்து, "சிரிச்ச மொகமா நில்லுடா!" என்றார்.

என்னை எட்டு வருட வேலைக்கு அல்தோவீனிகளிடம் எழுதிக்கொடுத்தவர் நீங்கள். அம்மாவின் திராட்சைத் தோட்டத்தை விற்ற பணத்தையும் அவர்களிடமே போட்டீர்கள். கேட்டதற்கு, "பெரிய மனுசங்கள சந்தேகப்படாதடா" என்றீர்கள்.

நிறுவனப் பையில் வரும் கடிதங்களை, அங்கே முதலாளி தன் காரியத்தை முடித்துக்கொண்ட பிறகுதான் உரியவர்களிடம் தருவார். அதனால் இதை ஒரு துறவியிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு போய்ப் பணத்தைத் திரும்ப வாங்குங்கள். முதலாளியிடம் இதைக் காட்டி நல்ல பெயர் வாங்கிவிடாதீர்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

முடிந்தால் ஒரு ஜாடி ஆலிவ் எண்ணெய் அனுப்புங்கள். இங்கே எல்லாமே பன்றிக்கொழுப்புதான். அம்மா ஜாடி வாயில் கட்டும் துணியை அவிழ்க்காமல் அனுப்புங்கள்.

துறவி கிளம்பிவிட்டார். அடுத்த பையில், "கடை அமோகம், கவலை வேண்டாம்" என்று என் கையெழுத்திலேயே ஒரு கடிதம் வரும். நம்பாதீர்கள், பால்துச்சோ சொல்லச் சொல்ல எழுதியது. இதுவரை வந்த ஆறும் அப்படித்தான்.

லாப்போ