உன் அம்மா வெளுத்த அமெரிக்கக் கொடி

அக்டோபர் 1945

அன்பு மகள் ஒதீலுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், ஐந்து பசுக்களில் மூன்று இருக்கின்றன, கூரையில் பாதி இருக்கிறது. கியூபெக்கில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் முழுக் கூரைக்குக் கீழே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இத்தனை வருஷம் கழித்து வந்த உன் கடிதத்தை அம்மா அடுப்படியில் நின்றபடியே நாலு தரம் படித்தாள், பிறகு "இவ எழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரியே இருக்கு" என்றாள். அவ்வளவு சந்தோஷம்.

போன வருஷம் ஜூன் மாதத்தில் நான் ஓர் அமெரிக்கச் சிப்பாயைக் காப்பாற்றினேன் என்றும் பெரிய வீரன் என்றும் யாரோ உனக்கு எழுதியிருக்கிறார்களாமே, அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். அன்று விடிந்ததும் பால் கறக்கப் போனேன். தொழுவத்தில் வைக்கோல் மேல் ஒருவன் கணுக்கால் முறிந்து கிடந்தான். விமானத்திலிருந்து பாரசூட்டில் குதித்தவன் நேராக நம் சதுப்பில் விழுந்து ஊர்ந்து வந்திருக்கிறான், தலை முதல் கால் வரை ஒரே சேறு. நான் கத்தியதைக் கேட்டு அம்மா வைக்கோல் வாரும் கவையோடு ஓடி வந்து அதன் முனையை அவன் கழுத்துக்கு நேரே நீட்டினாள். அவன் பையிலிருந்து நம் பிரெஞ்சு மொழி வாக்கியங்கள் அச்சடித்த தாளை எடுத்து, ‘நண்பன்’ என்று சொல்ல வந்தவன் வரி தவறி ‘நான் உங்கள் மாமியார்’ என்றான். "என் மாமியார் செத்து ஆறு வருஷம் ஆச்சுடா, பொய் சொன்னா குத்திடுவேன்" என்றாள் அம்மா. பாவம், அவன் தன் வலது கையைத் திரும்பத் திரும்பத் தொட்டுக் காட்டினான். அங்கே ஒரு துணிப்பட்டை ஊக்குப் போட்டுச் சுற்றியிருந்தது, அதிலும் சேறுதான். "என்னன்னு தெரியாம நான் எதையும் நம்ப மாட்டேன்" என்று அம்மா வாளியும் தேய்க்கிற பிரஷும் கொண்டுவந்து, கவையை என்னிடம் கொடுத்துவிட்டு, பானை தேய்ப்பதுபோல அவன் கையைத் தேய்த்தாள். கோடுகள் வந்தன, நட்சத்திரங்கள் வந்தன. எத்தனை நட்சத்திரம் இருக்கவேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது, இருந்தாலும் எண்ணினோம், நாற்பத்தெட்டு. "சரி, இவ்வளவு தச்சவன் பொய் சொல்ல மாட்டான்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

பெயர் ஆர்லோ, அயோவா என்கிற ஊர்ப்பக்கத்துக் குடியானவன் வீட்டுப் பிள்ளை, நம் பசுவின் மடியைப் பார்த்ததுமே இதற்குக் காம்பு வீங்கியிருக்கிறது என்று சாடையில் சொன்னான். அவனைத் தூக்கிப்போய் நிலவறையில் ஆப்பிள் சைடர் பீப்பாய்களுக்குப் பின்னால் படுக்க வைத்தோம். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். அன்று அம்மாவின் வெள்ளாவி நாள். வீட்டில் ஓர் அழுக்குத் துணி இருக்கும்போது அவளால் சும்மா இருக்க முடியாது என்பது உனக்குத் தெரியாதா. சண்டை நடக்கிறது, வானம் இடிகிறது, இவள் அவன் சட்டையையும் கைப்பட்டையையும் கழற்றி நம் படுக்கை விரிப்புகளோடு சாம்பல் காரத்தில் போட்டு வேக வைத்துவிட்டாள். "வேண்டாம் வேண்டாம்" என்று அவன் தன் பாஷையில் கும்பிடாத குறையாகக் கெஞ்சினான். "அதையெல்லாம் உன் அம்மாகிட்ட சொல்லு, என்கிட்ட வேணாம்" என்று கதவைச் சாத்தினாள்.

துணியை எடுத்துக் கூடையில் போட்டு, கைப்பட்டையை நான் பிழிந்துகொண்டிருந்தேன். அப்போது வாசலில் ஒரு ஜெர்மன் சிப்பாய். வயதானவன், அதற்கு முன்பும் நம் கோழிகளைக் கணக்கெடுத்து எழுதிக்கொண்டு போக வருகிறவன்தான், தோளில் துப்பாக்கி. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை, ஈரத்தோடு பட்டையைத் தொப்பிக்குள் திணித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். அவன் குதித்தவர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தார்களா என்று கேட்டுக்கொண்டே வந்து கூடையருகே நின்றான். விரிப்புகளுக்கு நடுவே ஆர்லோவின் சட்டைத் தோள் துருத்திக்கொண்டிருந்தது. அதிலே சிவப்புச் சதுரம், நீல வட்டம், வட்டத்துக்குள் ‘ஆ’ ‘ஆ’ என்று இரண்டு எழுத்து, அவர்கள் படையின் சின்னமாம். "இது என்ன?" என்றான். அம்மா அவனை முறைத்து, "கண்ணு தெரியலையா? ஆன்செல்ம் ஆவனெல். என் வீட்டுக்காரர் பேரு. எழுதி வைக்கலைன்னா இந்த மனுஷன் அடுத்தவன் துணியைப் போட்டுக்கிட்டு வந்துடுவாரு" என்றாள். சொன்னதோடு விட்டாளா, கல்யாணச் சீராகத் தைத்த விரிப்பு, தலையணை உறை, கைக்குட்டை என்று ஒவ்வொன்றாக இழுத்து ‘ஆ ஆ’ என்று அவன் மூக்குக்கு நேரே காட்டினாள். அதுவும் போதாமல், "ஏங்க, உள்ளே போட்டிருக்கிறதையும் காட்டுங்க" என்றாள். மகளே, உன் அப்பா ஜெர்மன் ராணுவத்துக்கு முன்னால் கால்சட்டையை இறக்கினேன். அதிலும் இருந்தது, ‘ஆ ஆ’.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், திருப்பினவன் சட்டென்று என் நெற்றியைப் பார்த்தான். தொப்பியிலிருந்து கொடியின் சிவப்புச் சாயம் சொட்டுச் சொட்டாகக் கன்னம் வரை வழிந்திருக்கிறது. "ரத்தம்?" என்றான். "ஆமா, நான்தான் கரண்டியால போட்டேன். சொன்ன பேச்சு கேட்கலை" என்றாள் அம்மா. அந்த மனுஷன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கால்சட்டையைப் பார்த்தான். பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து என் கையில் வைத்து, "எங்க வீட்டுலயும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். வீட்டுக்குள் தேடவே இல்லை. அவன் போன பிறகு அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள், அரைமணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். காரத்தில் வெந்து சுருங்கிய கை. "கால்சட்டையை ஏத்துங்க முதல்ல" என்றாள்.

மூன்றாம் நாள் அமெரிக்கர்கள் வந்தார்கள். ஆர்லோவை நான் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனேன். பாலத்தில் காவலுக்கு நின்றவன் கைப்பட்டையைப் பார்த்ததும் துப்பாக்கியை நீட்டினான். கோடெல்லாம் ரோஜா நிறம், நட்சத்திரமெல்லாம் கரைந்துபோன உப்பு மாதிரி, அது எந்த தேசத்துக் கொடி என்று கேட்டிருப்பான்போல. பின்னால் வந்த அம்மா அவன் துப்பாக்கிக் குழாயைத் தள்ளிவிட்டு, "சேத்துல போட்டது நீங்க, வெளுத்தது நான். குறை சொல்ல வந்துட்டான்" என்று பிடித்த பிடியில் அவன் வழிவிட்டான். அதிகாரி புதுப்பட்டை கொடுத்தார், ஆர்லோ வாங்கவில்லை. ரோஜா நிறத்தோடுதான் மருத்துவ வண்டியில் ஏறினான். அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் சேதி இல்லை. இந்தப் பக்கம் அமெரிக்கர்கள் வரும்போதெல்லாம் அம்மா அவர்கள் தோளில் ‘ஆ ஆ’ இருக்கிறதா என்று பார்ப்பாள்.

போன வாரம் ஆர்லோவின் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். பிள்ளை வீடு வந்து சேர்ந்தான், கொஞ்சம் நொண்டுகிறான், மாடுகளைப் பார்த்துக்கொள்கிறான், நீங்கள் செய்ததை எந்த நாளும் மறக்க மாட்டோம் என்று கண்ணீர் வர எழுதியிருந்தாள் அந்த அம்மாள். கடைசியில் ஒரு வரி: சாயத்துணியைக் கொதிக்க வைக்கக் கூடாது, பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு அலசினால் போதும். அவ்வளவுதான், நம் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு வெளுக்கக் கத்துக்கொடுக்கிறாளா? நான் எழுதறேன் பாருங்க பதில்" என்று மூன்று நாளாகப் பேனாவும் கையுமாக இருந்தாள். நேற்று அவள் தோட்டத்துக்குப் போன சமயம் எடுத்துப் பார்த்தேன். முழுத் தாளில் ஒரே வரிதான் இருந்தது. ‘குளிர்காலத்தில் அவனுக்குக் கால் வலிக்கிறதா?’

குழந்தையின் படம் ஒன்று மறக்காமல் அனுப்பு, முடிந்தால் காப்பிக்கொட்டையும். மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா