என் பெயரில் நீங்கள் போட்ட 'சரி'

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம் கேட்க எனக்கு வாய் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். மாற்றிப் போட்ட இடத்தில் தங்க வசதி இருக்கிறதா? முதுகுவலி தேவலையா? இங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம். சின்னவள்தான் அப்பா எப்போ வருவாங்க என்று வருகிறவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மூன்று மாதமாக நான் கூப்பிட்டால் நீங்கள் ஃபோன் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். நம் ரயில் நிலையக் கட்டுமானப் பிரிவில் காகிதமே கூடாது என்று ஆனபிறகு பேனா பிடித்தே வெகுநாள் ஆகிறது. கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்துக்குப் பதிலாக டேப்லட் கொடுத்த அன்று நான் போட்ட ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? முப்பது வருஷமாகச் சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து, அந்த வாரத்து ஆய்வுத் தாள்கள் அத்தனையிலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டவன் நான். ஆறு நாளுக்கும் ஒரே மை என்றால் சந்தேகம் வருமே என்று மூன்று பேனா வைத்திருப்பேன். அதில் ஒன்று பாதி காய்ந்தது. அதே புத்தியில்தான் என் ரகசிய எண்ணையும் உங்களிடம் கொடுத்து, இந்தச் சனியனோடு நீங்களே மாரடியுங்கள் என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நல்ல மழை. வீட்டில் படுத்துக்கொண்டு, புது நடைமேடையின் தெற்கு முனையில் கம்பியெல்லாம் சரியாகத்தான் கட்டியிருப்பார்கள், என் பெயரில் 'சரி' போட்டுவிடுங்கள் என்று ஃபோனில் சொன்னது நான்தான். ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிடட்டுமா என்று கேட்டீர்கள். வடக்கு முனையில் உங்களுக்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது, மச்சான் சொன்னால் கேட்கமாட்டீர்களா என்று அதட்டினேன். கம்பிகளை நெருக்கமாகக் கட்டாமல் அகல அகலமாகக் கட்டியிருந்தார்கள், பாவிகள். அதன் மேலேயே கான்கிரீட் கொட்டி, நடைமேடை விரிசல் விட்டு, மொத்தத்தையும் இடிக்கும்படி ஆயிற்று.

'சரி' தெற்கு முனைக்கு, போட்ட இடம் வடக்கு முனை, நேரம் பதினொன்று ஐந்து. எல்லாவற்றையும் அந்த டேப்லட் ஒப்பித்துவிட்டது. நம் பழைய தாள் இப்படிக் காட்டிக்கொடுக்குமா?

நீங்களோ விசாரணை அதிகாரியம்மாவிடம், மச்சானுக்குச் சொல்லாமல் நானே போட்டேன் என்றீர்கள். எனக்கு ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பக்கத்தில் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆமாம் என்று தலையும் ஆட்டினேன்.

அதைவிடக் கேவலம், அடுத்தவர் பெயரில் கை வைக்கலாமா, எங்க அண்ணன் மானம் போச்சே என்று தங்கச்சி உங்களைத் திட்டியபோது, அவள் போட்ட சாப்பாட்டைத் தின்றுகொண்டே, விடும்மா, தெரியாமல் செய்துவிட்டார் என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நேற்று அதிகாரியம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். பேனாவை எடுத்தேன். காகிதம் செல்லாதாம்! ஒற்றை விரலால் இரண்டு மணி நேரம் தட்டித் தட்டி, நானே அடித்து அனுப்பினேன். அடியில் என் பெயரும் இடமும் நேரமும் வந்து நின்றன. அந்த டேப்லட்டில் என் பெயரில் இருப்பதிலேயே நானே செய்த வேலை அது ஒன்றுதான். என் எண்ணை நீங்கள் பயன்படுத்தியதும் தப்புதானாம். ஆனாலும் உங்கள் மாற்றல் உத்தரவை மறுபடி பார்ப்பதாகச் சொன்னார்கள்.

சாயங்காலம் தங்கச்சியிடமும் சொல்லிவிட்டேன். எனக்காக வைத்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சின்னவள் மட்டும் வாசல்வரை வந்து, நாளைக்கும் வருவீங்களா மாமா என்றாள்.

எனக்கு என்ன வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ரகசிய எண்ணை மாற்றிவிட்டேன். பயப்படாதீர்கள், இந்தமுறை உங்களிடம் சொல்லமாட்டேன். நீங்கள் சீக்கிரம் வீடு வந்து சேர்ந்து, பிள்ளைகளோடு நன்றாக இருக்கவேண்டும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். திட்டுவதற்காகவாவது ஒரு தடவை எடுங்கள், மாப்பிள்ளை.

உங்கள் முகத்தில் விழிக்க வெட்கப்படும்,
மச்சான்