மூடியில் எழுதிய பெயர்

12.1.88
எலிக்குட்டியின் இதய செல்கள் மூடி போட்ட கண்ணாடி டிஷ்ஷில் தாமாகவே துடிக்கின்றன. அவற்றுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம்கள் எங்கெங்கே இருக்கின்றன? இரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. தசைநாரோடு வரிவரியாக என்று என் படங்கள் சொல்கின்றன. கைடு வீரராகவன் சார் பேப்பரை ஜர்னலுக்கு அனுப்பிவிட்டார். தீசிஸ் ஜூனில்.

19.1.88
லேப் கழுவும் தாட்சாயிணி இன்று பேச்சுவாக்கில் சொன்னாள். "நைட்டெல்லாம் பொட்டில வெக்கிறீங்களே, மூடில ஒரே தண்ணியா கீது செலினம்மா. அல்லாத்தயும் எடுத்து தொடச்சி மூடி வெப்பேன்."

எந்த மூடியை எதன்மேல்?

ஒரு டிஷ்ஷுக்கு ரைபோசோமைப் பிடித்து ஒளிரவைக்கும் சீரம். ஒப்பிட இன்னொன்றுக்குச் சும்மா முயல் சீரம்; அதில் எதுவும் ஒளிரக் கூடாது. எது எது என்று மூடியில்தான் எழுதுவேன். அடியில் எழுதினால் மைக்ராஸ்கோப்பில் மறைக்குமாம் — என் சோம்பேறித்தனம்.

அவளிடம் கத்தினேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

20.1.88
இந்த இரண்டு வருஷத்தில் சில நாள் வரிகள் சும்மா சீரத்தில் தெரிந்தன. "சாயம் கெட்டது" என்று எழுதி ஒதுக்கினேன். பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டவள் நான்தானே?

9.2.88
சீரத்தின் பெயரை டிஷ்ஷின் அடியில் கீறி ஆறு முறை செய்தேன். ஆறிலும் வரிகள் சும்மா சீரத்தில்தான். அது நாரில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். ரைபோசோம் சீரத்தில் உட்கருவைச் சுற்றி மங்கலாக ஏதோ. வரி இல்லை.



11.2.88
சாரிடம் சொல்லிவிட்டேன். நிமிரவே இல்லை. "பேப்பர் போயாச்சும்மா. இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஜூன்ல தீசிஸ் குடுங்க, டாக்டராயிடுங்க."
முடியாது சார் என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன்?
"அப்ப உங்க இஷ்டம். வேற கைடு பாத்துக்குங்க."

3.5.88
வேறு எந்தக் கைடும் என்னை எடுக்கவில்லை.

14.10.88
பேப்பர் வந்துவிட்டது. லைப்ரரியில் நின்றபடியே பார்த்தேன். படங்கள் எல்லாம் என்னுடையவை. என் பெயர் இல்லை. பஸ்ஸில் காட்டுப்பாக்கம் வரை அழுதேன், வெட்கமில்லாமல்.

7.8.89
சென்னீர்குப்பம் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு பயாலஜி எடுக்கிறேன். இன்று செல் படம். முதல் பெஞ்ச் நசீம் பானு பென்சிலோடு கேட்டாள். "மிஸ், ரைபோசோம் புள்ளிய எங்க வெக்கணும்?"

"எங்க வேணா வைம்மா. மார்க் கொறைக்க மாட்டாங்க."