உனக்குள் இன்னும் போகாதது

இன்று காலை கரண்ட் போய், கூடத்து மின்விசிறி மெல்லச் சுழன்று நின்றது. தறியை விட்டு எழுந்து வந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போன அன்று அதை நிறுத்தியவன் நான்தான்.

நீ ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்தவள். வீட்டிலும் உடம்பைப் பற்றித்தான் பேச்சு. உன் இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரம், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாய்: "உசுரு லைட்டு மாதிரி பட்டுனு அணையறது இல்லீங்க. இதயம் நின்னாலும் உடம்புல ஒவ்வொண்ணாதான் அடங்கும். கருவிழி சில மணி நேரம் உசுரோடவே இருக்கும். அதை யாருக்காவது குடுத்துடுங்க."

"பேஜார் பண்ணாதே" என்று தட்டைத் தள்ளினேன். நீ அதை மறுபடியும் என் பக்கம் நகர்த்தினாய். "சரின்னு சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

சொன்னேன்.

நீ போன அன்று காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கண் வங்கிக்கு ஃபோன் செய்தேன். வேலூரிலிருந்து வரவேண்டும், அதுவரை கண் காயாமலிருக்க ஃபேன் ஓடக் கூடாது, கண்ணை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள் என்றார்கள். வைத்தேன்.

களம்பூரிலிருந்து ஓடிவந்த உன் தம்பி உன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கத்தினான். "கை சூடா இருக்குது, மாமா! உசுரு இருக்கற மாதிரியே இருக்குது. எப்படிக் கண்ணைத் தொட வுடுவீங்க?"

எனக்கும் அந்தச் சூடு தெரிந்தது. ஒரு கணம் நானும் ஆடிப்போனேன். நீ இன்னும் முழுசாகப் போகவில்லை என்றால், நான் செய்வது என்ன? ஆனால் அதற்கு நீ முன்பே பதில் சொல்லியிருந்தாய்.

"அவ போயிட்டா" என்றேன். "அவளுக்குள்ள சிலது இன்னும் போகல. எல்லாம் போற வரைக்கும் பார்த்துகினு இருந்தா யாருக்கும் ஒண்ணும் மிஞ்சாது. இது அவ சொன்னது. நான் சரின்னு சொல்லியிருக்கேன்."

சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன். வேன் வந்தது. வேலை முடிந்து அவர்கள் கிளம்பியபோது உன் முகம் தூங்குவது போலவே இருந்தது. உன் தம்பி உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

சான்றிதழில் நீ போனதற்கு ஒரே ஒரு நேரம் போட்டிருக்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. உன் கை மெல்ல மெல்லக் குளிர்ந்த அந்தப் பகல் முழுவதும் நீ போய்க்கொண்டிருந்தாய்; நான் கூடவே இருந்தேன்.

போன ஞாயிறு நம் மகள் செய்யாரிலிருந்து வந்திருந்தாள். அவளிடம் சொல்லிவிட்டேன். "நான் போனா கண் வங்கிக்கு ஜல்தியா ஃபோன் பண்ணு. அழுவறதை அப்புறம் வெச்சுக்க."

அவள் அப்போதே அழுதாள். அழுது முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடியும் சொன்னேன்.